பஃப்பிங் மேசையைப் பாதுகாப்பாக அமைத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒருவர் முதல் மூவர் வரை வேலை செய்யும் சிறு பட்டறைகளுக்காக எழுதப்பட்ட பக்கம் இது. பித்தளைக் குத்துவிளக்கு, எவர்சில்வர் பாத்திரம், கதவுக் கைப்பிடி, வண்டிகளின் அலுமினிய உதிரிபாகம் போன்றவற்றுக்கு மெருகேற்றுவதற்காக ஒரு மோட்டாரை நிறுத்தி, அதன் தண்டின் ஒரு முனையிலோ இரு முனைகளிலோ துணிச் சக்கரம் மாட்டி வைக்கும் ஏற்பாட்டையே இங்கே பஃப்பிங் மேசை என்கிறோம். தானியங்கி இயந்திரங்களும் முலாம் பூசும் தொட்டிகளும் இதில் சேரவில்லை.

கல் சக்கரம் என்றால் எல்லோரும் எச்சரிக்கையாக இருக்கிறார்கள். துணிச் சக்கரம் மென்மையானதுதானே, அதில் என்ன ஆபத்து?

அந்த மென்மைதான் ஆபத்து. சாணைக்கல் உலோகத்தைச் சுரண்டிவிட்டு விலகிவிடும். துணிச் சக்கரம் பல அடுக்குத் துணியால் ஆனது என்பதால், ஒரு விளிம்போ துளையோ எதிர்ப்பட்டால் அடுக்குகள் பிரிந்து அதைக் கவ்விக்கொள்ளும். 8 அங்குலச் சக்கரம் நிமிடத்துக்கு 2,880 சுற்று சுற்றும்போது அதன் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 30 மீட்டர், அதாவது மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது.

குத்துவிளக்கின் எண்ணெய்த் தட்டை மெருகேற்றும் வேலையை எடுத்துக்கொள்வோம். தட்டின் வெளிப்புறம் முடிந்துவிட்டது. மீதமிருக்கும் கறுப்புத் திட்டுக்காகத் தட்டைச் சற்றே மேலே தூக்கித் திருப்புகிறீர்கள். திரி வைக்கும் மூக்கின் கூரிய ஓரம் சக்கரம் ஓடிவரும் திசைக்கு எதிராக வந்து நிற்கிறது. சத்தம் மாறியதைக் காது உணர்வதற்குள் தட்டு கையில் இருக்காது. மேசைக்கால் மீதோ சிமெண்டுத் தரை மீதோ மோதி, முழங்காலுக்கோ வயிற்றுக்கோ எகிறி வரும். விரல் அந்த மூக்கின் வளைவுக்குள் இருந்திருந்தால் விரலும் கூடவே போகும். கத்தி செய்பவர்கள் தங்கள் பட்டறையிலேயே மிக ஆபத்தான இயந்திரம் இதுதான் என்று சொல்வது வெறும் பேச்சு அல்ல.

ஆகவே வேலை செய்பவரின் கவனத்தை மட்டும் நம்பி மேசையை அமைக்கக் கூடாது. சக்கரம் என்றாவது கவ்வத்தான் செய்யும் என்று ஏற்றுக்கொண்டு, அப்படிக் கவ்வினால் பொருள் எந்தப் பக்கம் போகும், கை எங்கே இருக்கும், மோட்டார் எப்படி நிற்கும் ஆகிய மூன்றையும் சுவிட்சைப் போடுவதற்கு முன்பே தீர்மானித்துவிடுவதுதான் முறை. கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை அந்த மூன்றில் ஒன்றைப் பற்றியவையே.

மேசையைப் பட்டறையின் எந்த இடத்தில் வைக்க வேண்டும்?

வேலை செய்பவரின் முதுகுக்குப் பின்னால் யாரும் நடந்து போகாத இடமாகப் பாருங்கள். கையில் பொருளை அழுத்திப் பிடித்திருக்கும் ஒருவரின் தோளில் யாரோ இடித்தாலோ, பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டாலோ போதும். முன்பக்கமும் பக்கவாட்டிலும் ஒரு மீட்டராவது வெற்றிடம் வேண்டும். மூன்றடி நீளமுள்ள குத்துவிளக்குத் தண்டுகளை மெருகேற்றுவதாக இருந்தால் தண்டு சுவரிலோ தூணிலோ இடிக்காமல் இருபுறமும் போய்வர இன்னும் கூடுதலான இடம் தேவைப்படும்.

நின்று வேலை செய்பவருடைய முழங்கைக்குச் சற்றே கீழே சக்கரத்தின் மையம் வர வேண்டும். சராசரி உயரமுள்ளவருக்கு இது தரையிலிருந்து 95 முதல் 105 செ.மீ. வரை இருக்கும். மையம் இதைவிடத் தாழ்வாக இருந்தால் குனிந்து, முகத்தைச் சக்கரத்தின் அருகே கொண்டுபோக நேரிடும். உயரமாக இருந்தால் கை தளர்ந்து பொருள் மேலே ஏறும். மேசை ஆடக் கூடாது. இரும்புச் சட்டத்தின் நான்கு கால்களையும் தரைக் காங்கிரீட்டில் 12 மி.மீ. ஆங்கர் போல்ட்டு கொண்டு இறுக்குவதே சரி. மர மேசையின் மேல் மோட்டாரைத் திருகி வைப்பது நாளடைவில் அதிர்வால் தளர்ந்துபோகும்.

சக்கரத்துக்கு அடியில் வெறும் சிமெண்டுத் தரை வேண்டாம். தடிமனான ரப்பர் விரிப்பைப் போட்டால், பிடுங்கி எறியப்பட்ட பொருள் எகிறுவதும் நெளிவதும் குறையும். கையிலிருந்து போன பொருளைத் தாவிப் பிடிக்க முயல்வதும் காயத்துக்கு ஒரு காரணம். பித்தளைத் தட்டு நெளிந்தால் தட்டி எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட வேண்டும்.

ஏற்கெனவே இருக்கும் பெஞ்சு கிரைண்டரில் கல்லைக் கழற்றிவிட்டுத் துணிச் சக்கரத்தை மாட்டலாமா?

சிறிய வேலைகளுக்கு மாட்டலாம். ஆனால் முழுநேர வேலைக்கு அது ஏற்றதன்று. கிரைண்டரின் தண்டு குட்டையானது. சக்கரம் மோட்டார் உடலை ஒட்டி நிற்பதால், சற்றுப் பெரிய பொருள் இரண்டுக்கும் இடையே சிக்கிக்கொள்ளும். கல்லுக்கு முன்னால் இருக்கும் தாங்குபலகையைக் கண்டிப்பாகக் கழற்றிவிட வேண்டும். அது இருந்தால் கவ்வப்பட்ட பொருளும் விரலும் அந்த இடுக்கில்தான் போய் நசுங்கும். மேற்புறத்தையும் பின்புறத்தையும் மூடியிருக்கும் கவசத்தை மட்டும் கழற்றக் கூடாது.

ஒரு முனையில் கல்லும் மறுமுனையில் துணியுமாக வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கல்லிலிருந்து தெறிக்கும் பொறி, மெழுகு கலந்த துணிப் பஞ்சில் விழுந்தால் என்ன ஆகும் என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. மெருகின் தரத்துக்கும் அது கேடு: கல்லின் ஒரு துகள் துணியில் ஏறிவிட்டால் பளபளப்பின் நடுவே கீறல் விழுந்துகொண்டே இருக்கும்.

ஆங்கிள் கிரைண்டரை வைஸில் இறுக்கித் துணிச் சக்கரம் மாட்டினால்?

வேண்டாம். 4 அங்குல ஆங்கிள் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று வரை சுற்றக்கூடியது. அந்த வேகத்தில் அதே அளவுள்ள சக்கரத்தின் விளிம்பு நொடிக்கு 57 மீட்டரைத் தாண்டுகிறது. சாதாரணத் துணிச் சக்கரங்கள் இந்த வேகத்துக்காகத் தைக்கப்பட்டவை அல்ல.

எந்த வேக மோட்டார் வாங்குவது?

நம் நாட்டின் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இரண்டு வகை மோட்டார்கள் எளிதாகக் கிடைக்கின்றன: நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,880 சுற்று சுற்றும் இரு துருவ மோட்டார், 1,440 சுற்று சுற்றும் நான்கு துருவ மோட்டார். விளிம்பு வேகத்தைக் கணக்கிடுவது சுலபம். சக்கரத்தின் விட்டத்தை மீட்டரில் எடுத்து, 3.14-ஆல் பெருக்கி, சுற்று எண்ணிக்கையாலும் பெருக்கி, 60-ஆல் வகுத்தால் நொடிக்கு எத்தனை மீட்டர் என்று வரும். 6 அங்குலச் சக்கரம் 2,880 சுற்றில் 23 மீட்டர். 8 அங்குலம் 30 மீட்டர். 10 அங்குலம் 38 மீட்டர். அதே 8 அங்குலம் 1,440 சுற்றில் 15 மீட்டர்தான்.

பழகியவர்கள் பித்தளையிலும் எவர்சில்வரிலும் வேகமாகப் பொருள் வெட்ட 30 மீட்டருக்கும் மேல் போவார்கள். புதிதாக மேசை அமைப்பவருக்கு நான் சொல்வது 1,440 சுற்று மோட்டாரும் 8 அங்குலச் சக்கரமும்தான். வேலை சற்று மெதுவாக நடக்கும். ஆனால் பொருள் அவ்வளவு சூடேறாது. கவ்வினாலும் இழுப்பு குறைவாக இருக்கும். மெல்லிய தகடுகள் நெளியாது. வேகம் போதவில்லை என்று தோன்றினால் பிறகு 10 அங்குலச் சக்கரத்துக்கு மாறிக்கொள்ளலாம். 8 அங்குலச் சக்கரத்துக்கு ஒரு குதிரைத்திறன் போதுமானது. எந்தச் சக்கரத்தை வாங்கினாலும் அதில் அச்சிட்டிருக்கும் உச்ச வேகம் மோட்டார் வேகத்தைவிட அதிகமாக இருக்கிறதா என்று பாருங்கள். அச்சிடாத சக்கரத்தை வாங்காமல் இருப்பதே நல்லது.

மின் இணைப்பில் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

சுவரில் இருக்கும் சாதாரண சுவிட்சில் மோட்டாரை இணைப்பதுதான் சிறு பட்டறைகளில் காணப்படும் மிகப் பெரிய குறை. கரண்ட் போகிறது, சுவிட்சை அணைக்க மறந்து, சக்கரத்தில் ஒட்டிய நூலை ஒருவர் கையால் பிய்த்துக்கொண்டிருக்கிறார், கரண்ட் திரும்பி வருகிறது. இதைத் தடுப்பதற்கென்றே டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் இருக்கிறது. மின்சாரம் போனால் அதன் உள்ளே இருக்கும் காந்தச் சுருள் விடுபட்டுவிடும். மீண்டும் பச்சைப் பொத்தானை அழுத்தினால் ஒழிய மோட்டார் ஓடாது. மிகைச்சுமை ரிலேயும் அதிலேயே சேர்ந்து வரும்.

சிவப்பு நிறுத்தப் பொத்தான் கையால் எட்டும் இடத்தில் மட்டும் இருந்தால் போதாது. இரண்டு கையும் சிக்கியிருக்கும் நேரத்தில்தான் அது தேவைப்படும் என்பதால், முழங்காலாலோ காலாலோ தட்டி நிறுத்தக்கூடிய ஒரு பொத்தானையும் சேர்த்து வைப்பது நல்லது. நிறுத்திய பிறகும் கனமான சக்கரம் வெகுநேரம் சுற்றிக்கொண்டிருக்கும். அதைக் கையாலோ மரக்கட்டையாலோ அழுத்தி நிறுத்தக் கூடாது. மோட்டாருக்கென்று தனி எம்.சி.பி. (மின்னோட்டம் மிகுந்தால் தானாக அணையும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்), முறையான எர்த் ஆகியவை தவிர்க்க முடியாதவை.

மும்முனை இணைப்பு உள்ளவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. டிரான்ஸ்பார்மரிலோ கம்பத்திலோ வேலை நடந்த பிறகு முனைகளின் வரிசை மாறிவிட்டால் மோட்டார் எதிர்த் திசையில் சுற்றும். பஃப்பிங் மோட்டாரின் தண்டில் இருக்கும் மரை, சரியான திசையில் சுற்றும்போது இறுகும்படி வெட்டப்பட்டது. திசை மாறினால் நட்டோ, கூம்பு மரையில் ஏற்றிய சக்கரமோ தானாகக் கழன்று ஓடும். சக்கரம் சுற்ற வேண்டிய திசையைக் கவசத்தின் மீது அம்புக்குறியாகப் பெயின்டில் வரைந்து வைத்து, மின்வாரிய வேலை நடந்த ஒவ்வொரு முறையும் ஒரு நொடி ஓட்டிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

சக்கரத்தை மாட்டுவதில் முறை உண்டா?

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மாட்ட வேண்டும். இரு பக்கமும் ஒரே விட்டமுள்ள பிளேஞ்சு (சக்கரத்தை அழுத்திப் பிடிக்கும் உலோக வட்டு) வைத்து, சக்கரம் தளராத அளவுக்கு இறுக்குங்கள். சக்கரத்தின் துளை தண்டைவிடப் பெரிதாக இருந்தால் காகிதம் சுற்றி மாட்டுவது வழக்கத்தில் இருக்கிறது. சக்கரம் மையம் விலகி அதிர்வதற்கு அதுவே காரணம். துளையைத் தண்டின் அளவுக்குக் குறைக்கும் சரியான புஷ் வளையத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். புதுச் சக்கரத்தை மாட்டியதும் பக்கவாட்டில் ஒதுங்கி நின்று ஒரு நிமிடம் வெறுமனே ஓட விட வேண்டும்.

புதுச் சக்கரத்திலிருந்து தொங்கும் நூல்களை நின்ற நிலையில் கத்தரியால் வெட்டிவிடலாம். பழைய மெருகுக் கட்டி (சக்கரத்தில் பூசும், மெழுகில் மெருகுத் துகள் கலந்த கட்டி) இறுகிப் பாறைபோல ஆகிவிட்ட சக்கரத்தைப் பல் வைத்த ரேக் கருவியால், மையத்துக்குக் கீழே வைத்துச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். ஸ்க்ரூ டிரைவரையும் ரம்பத் துண்டையும் இதற்குப் பயன்படுத்துவதைப் பல இடங்களில் பார்க்கலாம். இரண்டும் பிடுங்கி எறியப்படக் கூடியவை. ஒரு மெருகுக் கட்டிக்கு ஒரு சக்கரம் என்று வைத்துக்கொண்டு, சக்கரத்தின் பக்கத்திலேயே பேனாவால் எழுதிவிடுங்கள்.

பொருளைச் சக்கரத்தின் எந்த இடத்தில் பிடிக்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். சக்கரத்தின் உச்சி உங்களை நோக்கி வந்து, முன்பக்கம் கீழிறங்கி, அடிப்பக்கம் உங்களிடமிருந்து விலகிப் போக வேண்டும். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் மையத்துக்குக் கீழே, கடிகாரத்தின் நாலு மணி எட்டு மணிக் கோட்டை ஒட்டிய உயரத்தில் பொருள் படும்படி பிடிப்பதே முறை. அங்கே கவ்வினால் பொருள் கீழேயும் பின்னாலும், அதாவது உங்களை விட்டு விலகித்தான் போகும். மையத்துக்கு மேலே பிடித்தால் அதே பொருள் நெஞ்சுக்கும் முகத்துக்கும் வரும்.

அடுத்தது விளிம்பு. துணி எப்போதும் பொருளின் பரப்பிலிருந்து விளிம்பை நோக்கி ஓடி வெளியேற வேண்டும். விளிம்பிலிருந்து பரப்புக்குள் ஓடி வரக் கூடாது. ஒரு தட்டின் மேல் ஓரத்தை மெருகேற்ற வேண்டுமானால், பாதி வரை செய்துவிட்டு, பொருளை விலக்கித் தலைகீழாகத் திருப்பி, மறுபாதியைச் செய்ய வேண்டும். திருப்பும் அலுப்பால்தான் பெரும்பாலான கவ்வல்கள் நிகழ்கின்றன. துளையிட்ட பொருள்கள், பிரபையில் இருப்பது போன்ற வெட்டு வேலைப்பாடு, கைப்பிடி வளையம் ஆகியவற்றின் உள்ளோரங்களும் விளிம்புகளே. அவற்றைச் சிறிய விட்டமுள்ள சக்கரத்தாலோ கையாலோ செய்வது பாதுகாப்பானது. விரலை எந்தத் துளைக்குள்ளும் வளையத்துக்குள்ளும் நுழைத்துப் பிடிக்கக் கூடாது.

மெருகுக் கட்டியையும் மையத்துக்குக் கீழேதான் தொட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. ஒரேயடியாக அப்பினால் அது உருகித் தெறித்து மேசையெல்லாம் பிசுக்கு ஏறுமே தவிர, மெருகு கூடாது. வேகமாக வேலையை முடிக்க எண்ணிப் பொருளை அழுத்துவதும் அப்படித்தான்; வெட்டுவது கட்டியில் உள்ள துகள்கள், அழுத்தம் அல்ல.

மோதிரம், சங்கிலி, கத்தி போன்றவற்றை என்ன செய்வது?

சிறு பொருள்களைக் கையில் நேரடியாகப் பிடிக்காமல், நகைத் தொழிலாளர் செய்வதுபோல மரக்குச்சியின் நுனியில் அரக்கு வைத்துப் பதித்துக்கொள்ளலாம். மரக்கட்டையில் பள்ளம் வெட்டி உட்கார வைப்பதும் உண்டு. சங்கிலியைக் கையில் தொங்கவிட்டுச் சக்கரத்தில் காட்டவே கூடாது. அது ஒரு நொடியில் தண்டில் சுற்றிக்கொண்டு விரலையும் இழுத்துவிடும். பலகையின் மீது சுற்றி இரு முனைகளையும் ஆணியில் மாட்டி மெருகேற்றலாம். எண்ணிக்கை அதிகம் என்றால் எஃகுக் குண்டுகள் போட்ட டம்ப்ளர் உருளையே பொருத்தம். கத்தியைப் பொறுத்தவரை, வாய் எப்போதும் கீழ்நோக்கி, துணி முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக ஓடி வெளியேறும்படி இருக்க வேண்டும். கூர் தீட்டுவதற்கு முன்பே மெருகை முடித்துவிடுவது இன்னும் நல்லது.

கையுறை போடலாமா? பொருள் சூடாகிவிடுகிறதே?

பின்னல் கையுறையும் தளர்வான துணிக் கையுறையும் கூடாது. அதன் ஒரு நூல் சக்கரத்தில் மாட்டினால் கையுறை கழன்று வராது, கைதான் உள்ளே போகும். சூட்டுக்கு வழி வேறு. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துப் பொருளை அவ்வப்போது முக்கி எடுத்துத் துடைத்துக்கொள்ளலாம், அல்லது இரண்டு மூன்று பொருள்களை மாற்றி மாற்றிச் செய்யலாம். அதுவும் போதாது என்றால், இழுத்தவுடன் உருவிக்கொண்டு வரக்கூடிய தோல் விரலுறைகளைக் கட்டைவிரலுக்கும் அடுத்த இரு விரல்களுக்கும் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

உடை விஷயத்தில்?

துப்பட்டா, கழுத்தில் போட்ட துண்டு, தொளதொளப்பான சட்டைக் கை, மணிக்கட்டில் கட்டிய சாமிக் கயிறு, வளையல், மோதிரம், கழுத்துச் சங்கிலி, காதிலிருந்து தொங்கும் இயர்போன் கம்பி ஆகிய எதுவும் மேசைக்கு அருகில் வரக் கூடாது. நீண்ட கூந்தலைக் கொண்டையாக்கித் தொப்பிக்குள் அடக்க வேண்டும். வேட்டியையும் லுங்கியையும் விட முழுக்கால்சட்டை மேல். மார்பை மறைக்கும் தோல் ஏப்ரன் நல்லது. அதன் நாடாவைப் பின்னால் கட்டுங்கள். மூடிய காலணி வேண்டும், ஏனெனில் பிடுங்கப்பட்ட பொருள் கடைசியில் போய்ச் சேருவது பாதத்துக்கு அருகில்தான். கண்ணுக்குப் பக்கவாட்டு மறைப்புள்ள கண்ணாடியும் அதன் மேல் முகத்திரையும் அணிவது முறை. பவர் கண்ணாடி இதற்கு மாற்று ஆகாது.

தூசிக்கு மாஸ்க் போட்டால் போதாதா?

போதாது. மாஸ்க் கடைசி அரண். முதல் அரண் தூசியை அது பிறக்கும் இடத்திலேயே பிடித்து வெளியேற்றும் உறிஞ்சி. கையில் இருக்கும் பணத்தில் எதை முதலில் வாங்குவது என்று கேட்டால், நான் மோட்டாருக்கு அடுத்ததாக இதைத்தான் சொல்வேன்.

பறப்பது வெறும் பஞ்சு என்று எண்ணிவிடக் கூடாது. வார்ப்புப் பித்தளையில் பெரும்பாலும் ஈயம் கலந்திருக்கும். எவர்சில்வர் தூசியில் குரோமியமும் பல ரகங்களில் நிக்கலும் உண்டு. பழுப்பு நிற டிரிப்போலிக் கட்டியில் இருப்பது சிலிக்கா. அதை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலில் மீளாத சிலிக்கோசிஸ் நோய் வரும். பச்சைக் கட்டியில் உள்ள குரோமியம் ஆக்சைடு, முலாம் தொட்டியில் உள்ள ஆறிணைதிறக் குரோமியத்தைப் போன்ற நஞ்சு அல்ல. ஆனால் அதையும் மூக்கில் ஏற்ற வேண்டிய அவசியம் இல்லை. கேட்மியம் முலாம் பூசிய பழைய உதிரிபாகங்களையும் பெரிலியம் கலந்த செம்பையும் இந்த மேசைக்கே கொண்டுவர வேண்டாம்.

சக்கரத்தின் பின்புறத்தையும் அடிப்புறத்தையும் தழுவியபடி, பொருள் நுழையும் அளவுக்கு மட்டும் முன்னால் திறந்திருக்கும் தகரக் கூடு ஒன்று செய்யுங்கள். சக்கரமே தூசியைக் கீழேயும் பின்னேயும் எறிவதால், கூட்டின் வாய் அந்தப் பாதையில் இருந்தால் பாதி வேலை தானாக நடக்கும். 8 அங்குலச் சக்கரம் ஒன்றுக்கு நிமிடத்துக்கு 300 கன அடி காற்று இழுப்பு தேவை. அதை 4 அங்குலக் குழாயில் இழுத்தால் குழாய்க்குள் காற்று நொடிக்கு 18 மீட்டர் வேகத்தில் ஓடும். வேகம் இதைவிட வெகுவாகக் குறைந்தால் பஞ்சு வளைவுகளில் படிந்து அடைத்துக்கொள்ளும். பி.வி.சி. குழாய் வேண்டாம், நிலைமின்னேற்றம் சேரும், ஜி.ஐ. குழாய் போட்டு எர்த் கொடுங்கள். வளைவுகள் குறைவாகவும் அகலமாகவும் இருக்கட்டும், ஒவ்வொரு வளைவிலும் திறந்து சுத்தம் செய்ய ஒரு மூடி இருக்கட்டும். தூசிப் பை பட்டறைக்கு வெளியே, பக்கத்து வீட்டுச் சன்னல் இல்லாத பக்கம்.

உறிஞ்சி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஊதுவத்தியைக் கொளுத்திக் காட்டும் பழக்கம் இங்கே ஆகாது, உள்ளே இருப்பது பிசுக்கேறிய பஞ்சு. இருட்டிய பிறகு விளக்குகளை அணைத்துவிட்டு, ஒருவர் வேலை செய்யும்போது இன்னொருவர் எதிர்ப்புறத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்க்கட்டும். பகலில் கண்ணுக்கே தெரியாத தூசி அந்த ஒளிக்கற்றையில் புகைபோல மிதப்பது தெரியும். அது கூட்டுக்குள் போகிறதா, வேலை செய்பவரின் மூக்கை நோக்கி எழுகிறதா என்பதைப் பார்த்து, கூட்டின் வாயை மாற்றி அமைக்கலாம்.

சீலிங் ஃபேன் இந்த ஏற்பாடு முழுவதையும் கெடுத்துவிடும். முதுகுக்குப் பின்னால் வைக்கும் பெடஸ்டல் ஃபேனும் அப்படியே. உடலைச் சுற்றிவரும் காற்று மார்புக்கு முன்னால் சுழித்துத் தூசியை முகத்துக்குக் கொண்டுவரும். வெயில் தாங்காது என்றால் பக்கவாட்டிலிருந்து மெதுவாக வீசட்டும். இவ்வளவுக்கும் பிறகு, ஐ.எஸ். 9473 முத்திரையுள்ள எஃப்.எஃப்.பி. 2 வகை மாஸ்க்கை மூக்கோடு ஒட்டி அணியுங்கள். தாடி இருந்தால் ஓரத்தில் கசியும். கைக்குட்டையும் அறுவைசிகிச்சை மாஸ்க்கும் கணக்கில் சேரா.

அலுமினியத்தையும் இதே மேசையில் மெருகேற்றலாமா?

அலுமினியத் தூசி எரியக்கூடியது. காற்றில் போதிய அளவு கலந்தால் வெடிக்கும். 2014 ஆகஸ்டு 2 அன்று சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில் உள்ள குன்ஷான் நகரில், கார்களின் அலுமினியச் சக்கரங்களை மெருகேற்றும் ஆலையில் தூசி வெடித்து, இறந்தவர்களின் எண்ணிக்கை இறுதியில் 146 ஆயிற்று. உறிஞ்சிகளின் தூசித் தொட்டியில் ஈரம் இறங்கி, அலுமினியத் தூள் அதனோடு வினைபுரிந்து சூடேறித் தீப்பற்றியது. பல நாள் சுத்தம் செய்யாமல் குழாய்களிலும் தளத்திலும் படிந்திருந்த தூசி அடுத்தடுத்து எழும்பி எரிந்தது. ஒரு சிறு பட்டறையில் அந்த அளவு தூசி சேராது என்பது உண்மைதான். ஆனால் ஒரு தூசிப் பைக்குள் நடப்பதும் அதே வினைதான்.

எப்போதாவது ஒன்றிரண்டு உதிரிபாகம் என்றால், உறிஞ்சியையும் குழாயையும் முழுவதும் காலிசெய்துவிட்டுச் செய்து, முடித்ததும் மீண்டும் காலிசெய்யுங்கள். தொடர்ந்து வரும் வேலை என்றால் அலுமினியத்துக்கென்று தனி மேசையும், அந்தத் தூசிக்கென வடிவமைத்த தனி உறிஞ்சியும் தேவை. இரும்பை அரைத்த தூசியோ துருவோ அலுமினியத் தூசியோடு ஒரே பையில் சேரக் கூடாது. இரும்பு ஆக்சைடும் அலுமினியமும் சேர்ந்த கலவைதான் தண்டவாளங்களை உருக்கி இணைக்கப் பயன்படும் தெர்மிட். சிவப்பு மெருகுக் கட்டியும் இரும்பு ஆக்சைடே என்பதை நினைவில் வையுங்கள். ஈரமான அலுமினியத் தூளை இறுக்கமாக மூடிய டப்பாவில் போட்டு வைத்தால் உள்ளே ஹைட்ரஜன் சேரும். வீட்டு வேக்குவம் கிளீனரை இதில் பயன்படுத்தாதீர்கள், அதன் மோட்டாரில் பொறி பறக்கும்.

தீப்பிடித்தால் எதை வைத்து அணைப்பது?

பித்தளை, எவர்சில்வர் மேசையில் எரிவது பெரும்பாலும் மெழுகேறிய பஞ்சுதான். உறிஞ்சியையும் மின்சாரத்தையும் நிறுத்திவிட்டு ஏ.பி.சி. பவுடர் அணைப்பானால் அணைக்கலாம். உறிஞ்சி ஓடிக்கொண்டே இருந்தால் அது தீயைக் குழாய் வழியே பைக்கு இழுத்துப் போகும். அலுமினியத் தூசி எரிந்தால் தண்ணீரும் கார்பன் டை ஆக்சைடும் நிலைமையை மோசமாக்கும். உலர்ந்த மணலை மெதுவாக மேலே தூவி மூட வேண்டும். வாரி வீசினால் தூசி எழும்பி வெடிக்கும். ஆகவே ஒரு வாளி மணல், ஈரம் படாமல் மூடி போட்டு, மேசைக்கு அருகிலேயே இருக்கட்டும்.

அன்றாடம் மாலையில் கூட்டையும் மேசையையும் துடைத்து எடுங்கள். காற்றுக் குழாயால் ஊதிச் சுத்தம் செய்யக் கூடாது. பிசுக்குத் துணிகளை மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு அன்றே வெளியேற்ற வேண்டும். மெருகேற்றிய பொருளில் ஒட்டியிருக்கும் மெழுகைப் பெட்ரோலாலோ தின்னராலோ துடைப்பதற்குப் பதிலாக, மரத்தூளில் புரட்டித் துடைத்துச் சூடான சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதுமானது.

விபத்து நேர்ந்துவிட்டால் உடனடியாகச் செய்ய வேண்டியவை எவை?

முதலில் மோட்டாரை நிறுத்துங்கள். கண்ணில் தூசி விழுந்தால் தேய்க்காமல் சுத்தமான தண்ணீரால் கழுவ வேண்டும். உலோகத் துகள் கண்ணில் குத்தி நின்றால் அதை எடுக்க முயலாமல், அழுத்தாமல் மூடி மருத்துவமனைக்குப் போக வேண்டும். விரல் துண்டானால் காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திக் கையை உயர்த்திப் பிடித்து 108-ஐ அழையுங்கள். துண்டான பகுதியை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மீது வைத்துக் கொண்டுபோக வேண்டும். நேரடியாக ஐஸில் போட்டால் திசு கெட்டுவிடும்.

சிறு பட்டறைக்குச் சட்டம் பொருந்துமா?

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் மின்விசையோடு 10 பேர் வேலை செய்யும் இடத்தைத் தொழிற்சாலை என்றது. 2020-இல் இயற்றப்பட்ட தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதை 20 ஆக்கியது. இருவர் வேலை செய்யும் பட்டறை இரண்டுக்கும் வெளியே நிற்கிறது. ஆயினும் பழைய சட்டத்தின் 14-ஆம் பிரிவு தூசியையும், 21-ஆம் பிரிவு சுழலும் பாகங்களை மறைப்பதையும், 35-ஆம் பிரிவு கண்ணையும், 37-ஆம் பிரிவு வெடிக்கும் தூசியையும் பற்றிச் சொல்பவற்றை உங்கள் மேசையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு எந்த எண்ணிக்கையும் தடையில்லை.

பட்டறை வீட்டோடு சேர்ந்தே இருக்கிறது. குழந்தைகளுக்குப் பாதிப்பு வருமா?

வரும், முக்கியமாகப் பித்தளை வேலையில். ஈயம் பெரியவர்களைவிடக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே அதிகம் பாதிக்கிறது. அது வீட்டுக்குள் போவது சட்டை, தலைமுடி, செருப்பு ஆகியவற்றின் வழியாகத்தான். பட்டறைக்கென்று தனி உடையும் செருப்பும் வைத்துக்கொண்டு அவற்றை வாசலிலேயே கழற்றுங்கள். அந்த உடையை மற்றவர்களின் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். கையையும் முகத்தையும் சோப்புப் போட்டுக் கழுவாமல் தேநீர்கூடக் குடிக்கக் கூடாது. தண்ணீர்ச் செம்பும் சாப்பாட்டுத் தூக்கும் மேசை இருக்கும் அறைக்குள்ளேயே வரக் கூடாது. வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவே கதவு இருந்தால், உறிஞ்சி ஓடும் நேரமெல்லாம் அது மூடியிருக்க வேண்டும்; உறிஞ்சிக்கு வேண்டிய காற்று தெருப்பக்கச் சன்னல் வழியாக வரட்டும். நாள்தோறும் பித்தளையில் வேலை செய்பவர் ஆண்டுக்கு ஒருமுறை இரத்தத்தில் ஈயத்தின் அளவைச் சோதித்துக்கொள்வது நல்லது. அளவு கூடியிருந்தால் வீட்டில் உள்ள சிறு குழந்தைகளுக்கும் அதே சோதனையைச் செய்ய வேண்டும்.